மருந்தின் எச்சத்தைத் தேடினால் போதாது, கிருமியையும் தேட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முட்டையிலும் கோழி இறைச்சியிலும் ஆன்டிபயாடிக் எச்சம் இருக்கிறதா என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். நாமக்கல் மாவட்டத்தில் கால்நடை மருத்துவராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த விவாதத்தில் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இறைச்சியில் மருந்து எஞ்சியிருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அந்த மருந்துக்கு அடங்காத கிருமி அதே இறைச்சியில் உயிரோடு இருக்கிறதா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று விடை வந்ததும் இரண்டாவதைக் கேட்கவே மறந்துவிடுகிறோம்.

கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். ஜப்பானில் ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1950களில் பயன்பாட்டுக்கு வந்த இந்த மருந்தை, அது சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கிறது என்பதால் 1970களில் மனித மருத்துவம் பெரும்பாலும் ஒதுக்கிவைத்தது. கடுமையான தொற்றுகளுக்கென வைத்திருக்கும் வலிமையான கார்பபெனம் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கும் அடங்காத கிருமிகள் மருத்துவமனைகளில் பெருகிய பிறகு, வேறு வழியில்லாமல் அதையே மீண்டும் கையில் எடுத்தார்கள். ஆனால் கோழிப் பண்ணைகளிலும் பன்றிப் பண்ணைகளிலும் அது அந்தக் காலம் முழுவதும் ஒதுக்கப்படவில்லை. கழிச்சலுக்கு மருந்தாகவும், நோயே இல்லாதபோது எடை கூடுவதற்கான தீவனச் சேர்க்கையாகவும் பல நாடுகளில் அது புழங்கியது. நானும் என் பணிக்காலத்தில் கழிச்சல் கண்ட கோழிகளுக்கு அதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு அதை நினைத்தால் மனம் உறுத்துகிறது.

சென்ற ஆண்டு என் அக்கா, சிறுநீர்த் தொற்று முற்றி, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் அறிக்கையை என் கையில் கொடுத்தார்கள். மேலே ‘கிளெப்சியெல்லா’ என்று கிருமியின் பெயர். கீழே வரிசையாக மருந்துகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஆர்’ என்ற எழுத்து, அதாவது அந்த மருந்து கேட்காது. கடைசி வரியிலிருந்த கோலிஸ்டினுக்கு எதிரே மட்டும் ‘ஐ’, அதாவது இடைநிலை. பலிக்கும் என்பதற்கான ‘எஸ்’ ஏன் இல்லை என்று கேட்டேன். தாங்கள் பின்பற்றும் தரநிலையில் இந்த மருந்துக்கு ‘எஸ்’ என்று போடுவதையே நிறுத்திவிட்டார்கள், இதைவிட நல்ல விடை இந்தத் தாளில் வராது என்று பணியிலிருந்த இளம் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கோலிஸ்டினையே கொடுக்கத் தொடங்கினார்கள். அதன்பின் தினமும் காலையில், தொற்று குறைந்ததா என்று பார்ப்பதற்கு முன்பே, சிறுநீரகம் தாங்குகிறதா என்று கிரியாட்டினின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்தொன்பதாம் நாள் அக்கா வீடு திரும்பினார். தீவனச் சேர்க்கைப் பொட்டலத்தில் பல ஆண்டுகள் நான் படித்த பெயரை அவருடைய மருந்துச் சீட்டில் படித்த அந்த நாள்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகளின் வெளிச்சவ்வு எதிர்மின்னேற்றம் கொண்டது. கோலிஸ்டின் நேர்மின்னேற்றம் கொண்டது. இந்த ஈர்ப்பினால் மருந்து சவ்வில் ஒட்டிக்கொண்டு அதைக் குலைக்கிறது. 2013 ஜூலையில் ஷாங்காய் அருகே ஒரு பன்றிப் பண்ணையில் எடுக்கப்பட்ட ஈ.கோலை கிருமியை ஆராய்ந்த சீன அறிவியலாளர்கள், எம்.சி.ஆர்.-1 என்ற மரபணுவை அதில் கண்டுபிடித்து, 2015 நவம்பரில் ‘லான்செட்’ குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளியிட்டார்கள். இந்த மரபணு உருவாக்கும் நொதி, சவ்வில் மருந்து பற்றிக்கொள்ளும் இடத்தில் ஒரு சிறு மூலக்கூறை ஒட்டி, எதிர்மின்னேற்றத்தைக் குறைத்துவிடுகிறது. மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. இதைவிடக் கவலைக்குரியது, அந்த மரபணு இருந்த இடம். அதற்கு முன்பு தெரிந்திருந்த கோலிஸ்டின் எதிர்ப்பு, கிருமியின் சொந்தக் குரோமோசோமில் ஏற்படும் மாற்றமாக, தாயிடமிருந்து சேய்க்குச் செல்வதாக இருந்தது. எம்.சி.ஆர்.-1 மரபணுவோ பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையத்தில் அமர்ந்திருந்தது. அந்த வளையம் ஒரு கிருமியிலிருந்து பக்கத்துக் கிருமிக்கும், ஈ.கோலையிலிருந்து கிளெப்சியெல்லாவுக்கும்கூடக் கைமாறக் கூடியது. அவர்கள் சோதித்த 804 விலங்குகளில் 166இலும், 523 பச்சை இறைச்சி மாதிரிகளில் 78இலும், 1,322 நோயாளிகளில் 16 பேரிடமும் இந்த மரபணுவைச் சுமந்த ஈ.கோலை இருந்தது.

இப்போது எச்சப் பரிசோதனைக்கு வருகிறேன். வாய்வழியாகக் கொடுக்கப்படும் கோலிஸ்டின் குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகக் குறைவாகவே ஏறும். எனவே கோழியின் தசையில் அதன் எச்சம் மிகச் சொற்பமாகவே சேரும். ஆனால் குடலில் வாழும் கோடிக்கணக்கான கிருமிகள் அந்த மருந்தில் நாள் முழுவதும் ஊறுகின்றன. தாங்குபவை பிழைக்கின்றன, தாங்காதவை மடிகின்றன. மருந்தை நிறுத்திச் சில நாள் கழித்து வெட்டிய கோழியின் இறைச்சி எச்சப் பரிசோதனையில் நேர்மையாகவே தேறிவிடும். பிழைத்த கிருமி தோலிலும் குடலிலும் அப்படியே கடைக்கு வந்து சேரும். மத்திய சுகாதார அமைச்சகம் 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் மீன் வளர்ப்புக்கும் தீவனச் சேர்க்கைக்கும் கோலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் தடைக்குப் பிறகு கிருமி குறைந்ததா என்பதைக் கிருமியைச் சோதித்துத்தானே அறிய முடியும்?

சீனா அதைச் செய்துகாட்டியது. 2017 ஏப்ரல் இறுதியில் கோலிஸ்டினைத் தீவன வளர்ச்சி ஊக்கியாகப் பயன்படுத்த அங்கு தடை வந்தது. 2015இல் 27,170 டன்னாக இருந்த கோலிஸ்டின் தீவனக் கலவை உற்பத்தி 2018இல் 2,497 டன்னாக இறங்கியது. பன்றிகளிடம் எடுத்த ஈ.கோலையில் கோலிஸ்டினுக்கு அடங்காதவை 34 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தன. தடைக்கு முன்னும் பின்னும் கிருமிகளை எண்ணிவைத்ததால்தான் தடை பலித்தது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. டென்மார்க் 1995 முதலே விலங்கு, உணவு, மனிதர் ஆகிய மூன்றிடத்திலும் எதிர்ப்புத்திறனைச் சேர்த்துக் கண்காணித்து வருகிறது.

கோழிப் பண்ணையாளர் மீது பழி போடுவது என் நோக்கமன்று. இந்திய மருத்துவமனைகளில் காணப்படும் கோலிஸ்டின் எதிர்ப்பில் பெரும்பகுதி கிருமியின் சொந்தக் குரோமோசோம் மாற்றத்தால் வருவது. மருத்துவமனைகளின் அளவுமீறிய மருந்துப் பயன்பாட்டுக்கு அதில் பெரும் பங்குண்டு. அக்காவின் உடலில் புகுந்த கிருமி எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயினும் சென்னை ஆய்வாளர்கள் உணவு மாதிரிகளைச் சோதித்தபோது, இறைச்சி, மீன் மட்டுமல்லாமல் காய்கறி, பழங்களிலும் கோலிஸ்டினுக்கு அடங்காத கிருமிகளைக் கண்டார்கள். கோழி எருவை மட்க வைக்காமல் தோட்டத்தில் கொட்டும் பழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

வாசகர்கள் அஞ்ச வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக வெந்த கறியில் இந்தக் கிருமி பிழைக்காது. ஆபத்து வேகும் முன்னால் இருக்கிறது. எங்கள் தெருமுனைக் கறிக்கடையில் காலையில் ஊற்றிய ஒரே வாளித் தண்ணீரில்தான் பத்து மணி வரை வெட்டிய கோழிகளை முக்கி எடுக்கிறார்கள். அந்த ஈரக் கையோடு சில்லறை கொடுக்கிறார்கள். வீட்டிலோ கறி வெட்டிய பலகையிலேயே சாலட்டுக்கு வெள்ளரிக்காயை நறுக்குகிறோம்.

உணவுப் பாதுகாப்புத் துறை எடுக்கும் இறைச்சி, முட்டை, மீன் மாதிரிகளில் ஒரு பகுதியையாவது எச்சத்துக்காக மட்டுமல்லாமல், மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்காகவும் சோதிக்க வேண்டும். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் கால்நடை, மீன் பண்ணைகளில் ஏற்கெனவே இத்தகைய கண்காணிப்பை நடத்துகிறது. அதைச் சந்தைக்கும் கறிக்கடைக்கும் நீட்டிக்க வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்றவற்றை இப்பணியில் ஈடுபடுத்தி, முடிவுகளை மாவட்ட வாரியாக ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். கூடவே, ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்குக் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனங்களே தருகின்றன. வளர்ப்பவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி மட்டுமே. தீவனத்தில் கலந்திருக்கும் ஒவ்வொரு மருந்தின் பெயரையும் அளவையும் மூட்டையின் மேல் தமிழில் அச்சிட வேண்டும் என்று அந்நிறுவனங்களுக்கு அரசு ஆணையிட வேண்டும். இன்றும் என்னைத் தொலைபேசியில் அழைத்து ஆலோசனை கேட்கும் பண்ணையாளர்களிடம், கோழிக்கு என்ன கொடுத்தீர்கள் என்று நான் கேட்டால், பலரும் சொல்லும் விடை, “கம்பெனி அனுப்பினதைத்தானுங்க கொடுத்தேன்” என்பதுதான்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்,
நாமக்கல் மாவட்டம்.