பத்து மணிக்கு மேல வெயில்ல நிக்காதே

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுதேன். இங்க எல்லாரும் சுகம். வைகாசி பிறந்தும் பணகுடிப் பக்கம் காத்து இன்னும் வீச ஆரம்பிக்கல.

ஓவர்டைம் கிடைக்குன்னு உச்சி வெயில்லயும் கம்பி கட்டுதேன்னு மச்சான்ட்ட சொன்னியாம். ஏலே, நீ இருக்க கத்தார்ல 2021-லயே சட்டம் வந்தாச்சு. ஜூன் 1-லேருந்து செப்டம்பர் 15 வரைக்கும், காலைல 10 மணியிலேருந்து சாயங்காலம் மூணரை வரை வெட்டவெளியில வேலை வாங்கக் கூடாது. வெக்கையையும் காத்துல உள்ள ஈரத்தையும் சேத்துப் பாக்குத அளவு 32.1 டிகிரியைத் தாண்டினா, எந்த நேரமானாலும் நிப்பாட்டியாகணும். போர்மேன் முறைச்சா முறைக்கட்டும்.

மேலத்தெரு அண்ணாச்சி சவுதியில பதினெட்டு வருசம் நின்னவரு. இப்ப பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் கவர்மெண்டு ஆஸ்பத்திரியில வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். வேர்வை போகப் போக தண்ணி குடிக்காம, இடுப்பு வலிக்குன்னு மாத்திரையா முழுங்குனா சிறுநீரகம் என்னத்துக்கு ஆகும்? வளைகுடாவுல வேலை பாத்துட்டு நேபாளத்துக்குத் திரும்புன ஆட்கள்ட்டயும் இதே கோளாறை டாக்டர்மாரு பாத்திருக்காங்க. இங்க ரேஷன் கார்டு இருக்கதால அண்ணாச்சிக்கு முதலமைச்சர் காப்பீட்டுல ஓடுது. நீ எமிகிரேசனுக்குப் போட்ட இன்சூரன்ஸ்ல விபத்துச் சாவுக்கு 10 லட்சம். வெயில் கொஞ்சங் கொஞ்சமாத் தின்ன சிறுநீரகம் அந்தக் கணக்குல வராது.

உன்னை வெயில்ல நிறுத்துதது போர்மேன் இல்ல, கடன். ஏஜெண்டு 30,000 ரூபாயும் வரியும் போக ஒத்தைக் காசு வாங்கக் கூடாதுன்னு அரசாங்க விதி. நம்மகிட்ட எவ்வளவு கறந்தான்னு உனக்கே தெரியும். அந்த வட்டிக்குத்தான் நீ மத்தியானம் வேகுத.

உடம்புக்கு ஒண்ணுன்னா ஊருக்கு ஏத்தி விட்டுருவானோன்னு மறைக்காதே. காய்ச்சலோட கம்பி மேல ஏறாதே. நம்ம செஞ்சிலுவைச் சங்கம் மாதிரி அங்க உள்ள ரெட் கிரசண்ட் நடத்துத தொழிலாளர் மருத்துவ நிலையம் இருக்கு, போ. கம்பெனி சரியில்லன்னா மாறு. 2020-லேருந்து அதுக்குப் பழைய முதலாளி தர தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வேண்டாம்.

மூத்திரம் கடும் மஞ்சளாப் போனா தண்ணி பத்தலன்னு அர்த்தம். லீவு நாள்ல சிறுநீரகம் நல்லா இருக்கான்னு காட்டுத கிரியாட்டினின் ரத்த டெஸ்டு பாத்து பேப்பரைப் படம் புடிச்சு அனுப்பு. கடன்காரன்ட்ட கார்த்திகை வரை தவணை கேட்டிருக்கேன், சரின்னுட்டான். இந்த மாசம் பாதி அனுப்பினாப் போதும்.

அப்பா