கன்வெர்ட்டர் பிளக்கில் ஹீட்டர் வேண்டாம்

ஆசிரியருக்கு,

குளிர்காலம் வந்தால், வாளியில் போடும் 2000 வாட் ஹீட்டரின் பெரிய பின்னுக்குக் கன்வெர்ட்டர் மாட்டி, டிவி பிளக்கில் செருகிவிடுகிறார்கள். 2000ஐ 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர், அந்தச் சாக்கெட்டின் அளவோ 6. தளர்ந்த பின்னில் அரை ஓம் மின்தடை சேர்ந்தால் போதும். அப்போது சற்றுக் குறைந்து 8.5 ஆம்பியராகும் மின்னோட்டத்தின் வர்க்கத்தை அந்த அரை ஓமால் பெருக்கிப் பாருங்கள்: அந்த ஓரிடத்தில் மட்டும் சுமார் 36 வாட் வெப்பம். ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னே பல 25 வாட்தான்! பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்? மின்னோட்டம் கூடாததால் 10 ஆம்பியர் எம்சிபியும் (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழாது. 16 ஆம்பியர் சாக்கெட்டும் குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரும் வேண்டும்.

வோல்டேஜ் 180க்கு இறங்கினால், ஹீட்டரின் மின்தடை ஏறக்குறைய அதே 26.5 ஓம்தான், மின்திறன் மட்டும் 1225 வாட்டாகிவிடும். தண்ணீர் மெதுவாகச் சூடாவதற்கு ஹீட்டரைத் திட்டிப் பயனில்லை.

– ஒரு மின்பணியாளர், மதுரை