வளவுக்குக் கதியால் வேலியே நல்லது

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் வீட்டைச் சுற்றியுள்ள வளவு வேலிகளை அகற்றி மதில் எழுப்புவோர் பெருகிவருவது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது. எல்லைக் கற்களுக்கிடையே கயிறு பிடித்து நேர்பார்த்து, மாரி தொடங்கும் ஐப்பசியில் பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவைக் கதியால்களை, அதாவது நட்டால் தளிர்க்கும் பச்சைக் கிளைத்தடிகளை, அடிப்பட்டை உரியாமலும் நுனி மழைநீர் தங்காதபடி சரிவாகவும் வெட்டி நாட்டினால், அவை வேர்விட்டு நிலைத்துவிடும். பட்ட மரத்தூணையோ கறையான் எளிதில் அரித்துவிடும். சீமைக்கிளுவைக் குழை ஆட்டுக்குத் தீனி, பூவரசங்குழை தோட்டத்துக்கு நல்ல பசளை. இவற்றைவிட முக்கியமாக, வேலி வெள்ளத்துக்கு வழிவிடுகிறது. வடிகால் விடாமல் கட்டும் மதிலோ அதை அயலவர் வளவில் தேக்கிவிடுகிறது. புதிதாக வீடு கட்டுவோர், முன்புறம் மதில் வேண்டுமென்றாலும், பின்வளவு எல்லையிலாவது கதியால் வேலி அடைக்குமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.