இஸ்திரி வண்டிக்கு ஒரு நன்றி மடல்

மடிப்பாக்கம் நண்பர்களுக்கு,

தண்ணீர் வடிந்து இன்றோடு ஆறு நாள். நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் ஒரே தண்ணீரில்தான் நின்றோம். அம்மாவை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போன பிள்ளைகள், படகோடு வந்த தம்பிகள், பால் பாக்கெட் கொடுத்த பெண்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. நேரிலும் வந்து சொல்வேன்.

இந்த மடல் நம் தெருமுனை இஸ்திரி அண்ணனுக்கு.

பாராசிங்கா என்னும் சதுப்பு மானைப் பற்றிய என் நோட்டுகள் நான்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. லீவு கிடைத்தபோதெல்லாம் உத்தரப் பிரதேசத்தின் துத்வா காட்டுக்கும் மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா காட்டுக்கும் போய் இருபது வருடம் எழுதியவை. பேனா எழுத்து கரைந்துவிட்டது, பென்சில் கோடுகள் மட்டும் நின்றன. சரி, போகட்டும் என்று குப்பை வண்டிக்காக வாசலில் வைத்திருந்தேன். அண்ணன் புரட்டிப் பார்த்துவிட்டு, "படம்லாம் நல்லாத்தான கீது டீச்சர், குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவருடைய கரி மூட்டையே நனைந்து கிடந்த நேரம் அது.

மூன்று நாள் செய்தார். தாள் தாளாகப் பிரித்து, அடியில் பழைய வேட்டி, மேலே மெல்லிய துணி போட்டு, பெட்டியைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தார். ஒவ்வொரு ஒற்றுக்கும் சுர்ரென்று ஆவி கிளம்பியது. இரண்டாம் நாள் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்துக் கேட்டார்: "ரெண்டும் ஒரே மான்னு எழுதிக்கீறீங்க. இதுக்குக் குளம்பு விரிஞ்சிருக்கு, அதுக்கு ஒட்டிக்கினு கீதே?"

என் வகுப்பில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி. துத்வா மான் சேற்றிலும் தண்ணீரிலும் திரிவது, கால் புதையாமல் இருக்க அதற்கு விரிந்த குளம்பு. கான்ஹாவில் இருப்பதும் அதே இனம்தான், ஆனால் கெட்டித் தரைக்குப் பழகிய பிரிவு. அதன் குளம்பு கச்சிதமாக ஒட்டியிருக்கும். 1970இல் கான்ஹாவில் அவை 66தான் மிஞ்சியிருந்தன என்றேன். பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நம்ம தெரு ஜனத்தவிட கம்மி டீச்சர்!" அப்புறம் வேலி அடைத்துக் குட்டிகளைக் காத்து, புல்வெளிகளை மீட்டதால் இன்று பல நூறாகப் பெருகியிருக்கின்றன என்று சொன்ன பிறகுதான் மறுபடி வேலையைத் தொடங்கினார்.

இதற்கு நெருங்கிய சொந்தம் ஒன்று தாய்லாந்தில் இருந்தது, ஷாம்பர்க் மான். சதுப்பெல்லாம் நெல்வயலானது, வேட்டையும் சேர்ந்துகொண்டது. கடைசி மான் 1938இல் செத்தது. அன்றிரவு இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது எனக்கு அந்த மான்தான் நினைவில் வந்தது. நம் வீடுகள் இருப்பதும் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில்தானே? இடத்தைப் பிடுங்கிக்கொண்டால் தண்ணீர் வேறெங்கே போகும்?

பொங்கல் கழிந்து குழந்தைகள் வகுப்பை மறுபடி தொடங்குகிறேன். முதல் வாரமே பள்ளிக்கரணைக்குக் கூட்டிப் போகிறேன். சதுப்பு எதற்கு என்று படத்தில் காட்டி முடித்துவிடப் போவதில்லை.

அண்ணே, ஒரு தாளின் ஓரம் கருகியதற்கு இரண்டு தடவை வருத்தப்பட்டீர்கள். அந்தத் தாளை நான் மாற்றி எழுத மாட்டேன். குளம்புப் படத்தை டிரேஸ் எடுக்க உங்கள் மகள் வாங்கிப் போயிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தருகிறேன் என்றாள். அவசரமில்லை கண்ணு, மெதுவாக எடு.