இரண்டு மூட்டை சோடா ஆஷுக்கும் திறக்காத குழாய்க்கும் நன்றி

அமிலத் தொட்டி ஓட்டையான அன்றிரவு, டர்பன் ஜேகப்ஸ் பகுதியிலுள்ள கிடங்கில் எங்களுக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

முதல் நன்றி வாயில் காவலர் அண்ணாவுக்கு. தரையில் ஏதோ கொட்டிப் புகைவதைப் பார்த்தால் யாருக்கும் கை தண்ணீர்க் குழாய்க்குத்தான் போகும். உங்கள் கை போகவில்லை. கொட்டியது 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஹோஸ் பிடித்திருந்தால் 60 லிட்டர் 600 லிட்டராகி மழைநீர் வடிகாலில் இறங்கியிருக்கும். டர்பனில் மழைநீர்க் குழாய் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. மழைநீர் சுத்திகரிப்பு நிலையத்தை எட்டிப் பார்க்காமலே விரிகுடாவுக்குப் போய்விடும். 2021 ஜூலையில் டர்பனுக்கு வடக்கே கொர்னூபியாவில் வேளாண் ரசாயனக் கிடங்கு எரிந்தபோது ஒஹ்லாங்கா கழிமுகத்தில் மீன்களைக் கொன்றது தீயணைத்த தண்ணீரோடு போன விஷம்தான். நீங்கள் வடிகால் வாயில் ரப்பர் பாயை விரித்து, அதன்மேல் ஆற்றுமணல் மூட்டைகளை அடுக்கிவிட்டுத்தான் போனை எடுத்தீர்கள். (கடல்மணல் கிடைக்காததும் நல்லதுக்குத்தான், அதிலிருக்கும் கிளிஞ்சல் தூளில் அமிலம் பட்டால் நுரைத்துக்கொண்டு கரைந்துவிடும்.) காற்று வடகிழக்கிலிருந்து வீசியதால் ஆட்களையும் வடகிழக்கு மூலைக்கே நகர்த்தினீர்கள். வழக்கமாகக் கூடும் இடம் அன்று புகையின் வழியில் இருந்தது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறோம், மற்ற கிடங்குகளுக்கு உதவும். ஆயிரம் லிட்டர் கூண்டுத் தொட்டியின் (கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் பிளாஸ்டிக் தொட்டி) அடிப்பலகை 1200-க்கு 1000 மில்லிமீட்டர். ஃபோர்க்லிஃப்டின் முள் நீளம் 1200. அகலப் பக்கத்திலிருந்து நுழைத்தால் முள் 200 மில்லிமீட்டர் மறுபுறம் நீட்டும். பின்னால் நிற்கும் தொட்டியின் கீழ்மூலையைக் குத்தும். குத்துப்பட்ட தொட்டி, சுற்றுச்சுவர் கட்டிய தளத்தில் இல்லாமல் ஏற்றுமதிக்காக வெளியே நின்றது. சுற்றுச்சுவர் தொட்டியின் கொள்ளளவில் 110 சதவீதம் கொள்ளும், ஆனால் அதற்குள் நிற்கும் தொட்டிக்கு மட்டும்தானே?

தீயணைப்பு வீரர்களுக்கு: அமில வாயுவுக்கான மஞ்சள் பட்டை வடிகட்டி இல்லாத எங்கள் தூசி முகமூடிகளைக் கழற்றச் சொல்லி எங்களை வெளியே அனுப்பினீர்கள். அப்போது கோபம் வந்தது, இப்போது இல்லை. ரப்பர் சுற்றிய மர ஆப்பைச் சுத்தியால் அடிக்காமல் கையால் திருகி இறக்கியதில் ஓட்டை கிழியவில்லை. ஆனாலும் ஓட்டை அடியில் இருந்ததால் தொட்டியிலிருந்த அமிலம் முழுவதையும் வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டியிருந்தது. பக்கத்துப் பட்டறைக்காரர் பாலிப்ரொப்பிலீன் கைப்பம்பும் காலித் தொட்டியும் தன் பக்கியில் (சிறிய சுமைவண்டியில்) ஏற்றிக்கொண்டு வந்தார். இரும்பு டிரம்மும் இருக்கிறது, கொண்டுவரட்டுமா என்று கேட்டுவிட்டு, "வேண்டாம், ஹைட்ரஜன் கிளம்பும்" என்று பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார்.

நீச்சல்குளச் சாமான் கடை அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இரவில் கடையைத் திறந்து அமிலத்தை முறிக்கும் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) 25 கிலோ மூட்டை இரண்டு கொடுத்தீர்கள். அதே அலமாரியில் பூல் குளோரினும் வெள்ளைப் பொடிதான். மாற்றி எடுத்து அமிலத்தின்மேல் கொட்டியிருந்தால் குளோரின் வாயு எழும்பியிருக்கும். போன் வெளிச்சத்தில் இரண்டு முறை லேபிளை வாசித்த பிறகே தூக்கவிட்டீர்கள். கணக்கும் நீங்கள் போட்டதுதான்: லிட்டருக்கு ஏறக்குறைய 560 கிராம், 60 லிட்டருக்கு 34 கிலோ. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லத் தூவினோம். காஸ்டிக் சோடா போட்டிருந்தால் சூட்டில் கொதித்துத் தெறித்திருக்கும். நுரை அடங்கியதும் முடிந்தது என்று நினைத்தோம், ஆனால் கான்கிரீட்டும் அமிலத்தில் நுரைக்கும், அதனால் நுரையை மட்டும் நம்ப முடியாது. கால் மணி கழித்து விரிசல்களில் அமிலத்தன்மை காட்டும் பிஹெச் தாளை வைத்தபோது 2 (கடும் அமிலம்) காட்டியது. மறுபடி தூவி 7-க்கு (நடுநிலை) கொண்டுவந்தோம். சேற்றை பிளாஸ்டிக் டிரம்களில் அள்ளி, லேபிள் ஒட்டி, உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் கொடுத்தாயிற்று. பாதுகாப்பாக அகற்றியதற்கான சான்றிதழும் வந்துவிட்டது.

நகராட்சி அலுவலரே, எங்கள் முதல் அறிக்கையில் "சிறிதளவு கசிவு" என்ற வரியை அடித்ததற்கு நன்றி. தொட்டியின் பக்கவாட்டுக் கோடுகளைப் பாருங்கள் என்றீர்கள்: முன்பு 1000, ஆப்பு இறங்கியதும் 940. தென்னாப்பிரிக்காவின் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு பொருள், அளவு, எடுத்த நடவடிக்கை, காரணம் எல்லாம் 14 நாளுக்குள் கேட்கிறது. முதல் தகவலோ உடனடியாகப் போக வேண்டும், தீயணைப்புக்கும் காவல்துறைக்கும் நகராட்சிக்கும் மட்டுமல்ல, பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தாருக்கும். அந்தக் கடைசிப் பட்டியலில் இருந்த தெருக்காரர்களுக்கு நாங்கள் தாமதமாகத்தான் சொன்னோம், மன்னியுங்கள். அப்படியிருந்தும் தேநீர் கொண்டுவந்தீர்கள். கையுறை கழற்றிக் கை கழுவும்வரை குவளையை நீட்டாத அம்மாவுக்கு நன்றி.

அக்கா, வாங்கிய இரண்டு மூட்டைக்கும் மாற்று மூட்டை வெள்ளிக்கிழமை உங்கள் கடையில் இறக்கியிருக்கிறோம். ஏற்றுமதித் தளத்திலும் இப்போது நான்கு மூட்டை நிற்கிறது, பூல் குளோரின் அறைக்கு எதிர்ப்பக்கச் சுவரில்.

இப்படிக்கு,
கிடங்குப் பாதுகாப்புக் குழுவினர்