வால்நட்டும் பறங்கிக்காயும்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் வந்தது. மல்லிகாவுக்கு பெல்ஜியத்தில் வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். ஆனால் உன் கோழிக்கிறுக்கலில் 'வல்லோனியா'வை 'வேல்ஸ்' என்று படித்துவிட்டு, "பொண்ணு லண்டன் பக்கம் போகுது" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். லட்சுமி அட்லஸைக் காட்டியதும் அசடு வழிந்தேன்.

அப்புறம் தேடிப் படித்தால், என் குழப்பம் அவ்வளவு மோசமில்லை. இரண்டும் ஒரே வேர்ச் சொல். பழைய ஜெர்மானியர்களுக்குப் பக்கத்தில் வோல்கே என்றொரு கெல்ட்டிய இனம் இருந்தது. அந்தப் பெயரைத் திரித்து, தங்கள் பாஷை பேசாத கெல்ட்டியர், ரோமானியர் எல்லாரையுமே அப்படி அழைத்தார்கள் என்கிறார்கள் மொழியியலாளர்கள். கடைசியில் அதற்கு 'அந்நியன்' என்றே பொருளாகிவிட்டது. பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் தெற்குப் பகுதி வல்லோனியா ஆனது அப்படித்தான். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலின் பெயரில் இருக்கும் 'வாலு'ம் இதுதான். ஸ்லாவியர்கள் கடன் வாங்கியதில் ருமேனியாவின் தெற்கு வலாக்கியா ஆயிற்று. போலந்துக்காரர்களுக்கு இன்றும் இத்தாலியின் பெயர் 'வுவோஹி'.

வேல்ஸ் கதைதான் எனக்கு உறுத்தல். காலங்காலமாக அங்கேயே இருந்தவனை, கடல் தாண்டி வந்த ஜெர்மானியன் 'அந்நியன்' என்றான். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அடிமை என்றும் பொருள் உண்டாம்! அந்த மக்கள் தங்கள் நாட்டைச் சொல்வது 'கம்ரி' என்று. ஒரே மண்ணைச் சேர்ந்தவர்கள் என்பது அதன் மூலப்பொருள்.

வால்நட் கூட 'அந்நியக் கொட்டை'தான். படித்ததும் நம் பறங்கிக்காய் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த காய்க்கு வெள்ளைக்காரன் பெயரைச் சூட்டிவிட்டோம். பறங்கி எங்கிருந்து வந்தது? பிராங்க் என்ற இனத்தின் பெயர், அரபு, பாரசீகம் வழியாக உருமாறி, இங்கே போர்த்துகீசியர் தலையில் விழுந்தது. அந்த பிராங்க் யார் தெரியுமா? சாட்சாத் ஜெர்மானியர்கள்! ஊரில் இருந்தவரையெல்லாம் அந்நியன் என்ற கூட்டத்தின் பெயரையே நாம் அந்நியனுக்கு வைத்திருக்கிறோம். லட்சுமியிடம் சொன்னேன். "சரி, இன்றைக்குப் பறங்கிக்காய்க் கூட்டு" என்று போய்விட்டாள்.

மல்லிகா என்றைக்குக் கிளம்புகிறாள்? லீஜ் நகரமா, நாமூரா? இந்தத் தடவை கொட்டை எழுத்தில் எழுது. தெருவில் மறுபடி சொல்லியாக வேண்டும்.

அன்புடன்,
ராமசாமி