நிசார் அளப்பதை ஜாரியா மக்களும் பார்க்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து அனுப்பிய நிசார் ரேடார் செயற்கைக்கோள் பற்றிய உங்கள் கட்டுரையில் வெள்ளம், பயிர், பனிமலை எல்லாம் வந்தன. நிலக்கரிச் சுரங்கப் பகுதிகள் வரவில்லை. தன்பாத் பக்கம் சர்வேயராக இருந்தவன் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜார்க்கண்டின் ஜாரியாவில் நிலத்தடித் தீ 1916-லேயே பதிவாகிவிட்டது. ஆனால் அங்கே நிலம் உள்வாங்கி இறங்குவதற்குத் தீ மட்டும் காரணமல்ல. 1970-களின் தொடக்கத்தில் சுரங்கங்கள் தேசியமயமாகும் முன், தனியார் முதலாளிகள் பலர் மேலடுக்குகளில் கரியை எடுத்துவிட்டு, வெற்றிடத்தை மணல் போட்டு நிரப்பாமலே போய்விட்டார்கள். கூரையைத் தாங்க விட்டுவைத்த கரித்தூண்களைத்தான் இன்று தீ தின்கிறது. தூண் போனால் மேலே இருக்கிற வீடும் தெருவும் இறங்கும்.

நாங்கள் இதை அளந்தது தரையில் கல் நட்டு, லெவலிங் கருவியும் ஸ்டாஃப் எனும் அளவுகோலும் வைத்துக் கல் கல்லாக மட்டம் பார்த்துத்தான். புகை கக்கும் வெடிப்புப் பக்கம் ஆளை அனுப்ப மனம் வராது. அளவு தேவைப்படுவதோ அங்கேதான்.

ரேடாருக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஏறக்குறைய ஒரே பாதையிலிருந்து இருமுறை படமெடுத்து, திரும்பி வரும் அலைகளின் வேறுபாட்டைக் கணக்கிட்டால் சென்டிமீட்டர் அளவு இறக்கமும் தெரிந்துவிடும். ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் பல ஆண்டுகளாக இதற்குப் பயன்படுகிறது. அதன் அலைநீளம் சுமார் 5.6 செ.மீ. என்பதால் புதர் மண்டிய நிலத்தில் தடுமாறும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசாரின் ‘எல் பேண்ட்’ ரேடார் அலையின் நீளம் சுமார் 24 செ.மீ.; செடிகொடிகளை ஊடுருவித் தரையைத் தொடும். 12 நாளுக்கொரு முறை அதே இடத்துக்கு வரும்.

திடீரென வாய் பிளக்கும் குழியை இது முன்கூட்டிச் சொல்லிவிடாது. திறந்தவெளிச் சுரங்கத்தில் மண்மேடு நாளுக்கு நாள் மாறுவதால் இரண்டு படங்களும் பொருந்தாமல் போகும். லெவலிங் கற்களைப் பிடுங்கிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என் கவலை வேறு. 2023 ஜனவரியில், உத்தராகண்டின் மலை நகரமான ஜோஷிமட் 12 நாளில் 5.4 செ.மீ. இறங்கியதாக இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் வெளியிட்ட அறிக்கை, சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து காணாமல் போனது. ஊடகங்களிடம் பேச வேண்டாம் என்று ஆய்வு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தலும் போனது. விரிசல் விட்ட வீட்டுக்குள் இருந்தவர்களுக்குத்தான் அந்த எண் முதலில் தேவைப்பட்டது. ஐரோப்பாவிலோ 2022 முதல் நில அசைவு வரைபடத்தை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

நிசார் தரவும் இலவசம்தான். ஆனால் அதை வரைபடமாக்கப் பயிற்சியும் நல்ல கணினியும் வேண்டும். ஜாரியாவின் பஸ்தியில் (ஏழைக் குடியிருப்பில்) இருப்பவருக்கு அது எட்டாது. தீயைக் கட்டுப்படுத்தவும் மக்களை இடம் மாற்றவுமான திருத்தப்பட்ட ஜாரியா மாஸ்டர் பிளானுக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூனில் 5,940 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்திருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கை வைத்து, மொஹல்லா (பேட்டை) வாரியாக, இந்தியில், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரைபடம் வெளியிடலாம். யாரை முதலில் இடம் மாற்றுவது என்ற சண்டைக்கும் அதுவே ஆதாரமாகும். இதை அரசு செய்யுமா என்று உங்கள் நிருபர் ஒருவர் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுரங்க சர்வேயர்,
திருச்சி